ஓய்வு பெற்ற முதல் ஆண்டு: பொழுதை வகுத்துக்கொள்ள ஒரு நடைமுறை வழிகாட்டி

தமிழ்நாட்டில் அரசுப் பணியிலிருந்தோ, வங்கி, பொதுத்துறை, தனியார் நிறுவனம் ஆகியவற்றிலிருந்தோ அண்மையில் ஓய்வு பெற்றவர்களுக்காகவும், அடுத்த ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பணிக்கொடை எவ்வளவு, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறுவது) எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஒவ்வோர் அலுவலகத்திலும் நாலு பேர் இருப்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. எனக்கு அது ஓர் ஒழுங்குக்கு வருவதற்குள் ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் நானும் என் காலத்தில் ஓய்வு பெற்ற நண்பர்களும் முட்டி மோதித் தெரிந்துகொண்டவற்றை, எதை முதலில் செய்வது, என்னென்ன ஆவணங்கள் வேண்டும், எவ்வளவு செலவாகும், எங்கே ஏமாறக்கூடும் என்ற வரிசையில் தருகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிமிடக் கணக்கில் அட்டவணை போடுவதால் பயன் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று இடங்களிலாவது உங்கள் வருகையை எதிர்பார்த்து ஒருவர் இருக்கும்படி செய்துகொண்டால், மீதிப் பொழுது அதைச் சுற்றித் தானே அமைந்துவிடும்.

1. முதல் மூன்று மாதங்களில் காகித வேலையை முடித்துவிடுங்கள்

முடிக்காத காகித வேலை எந்த ஒழுங்கையும் குலைத்துவிடும். செவ்வாய்க்கிழமை நூலகம் போவதாகத் திட்டமிட்டிருப்பீர்கள். அன்றைக்குப் பார்த்து வங்கியிலிருந்து கேஒய்சி கேட்டு அழைப்பார்கள். ஆகவே பொழுதுபோக்குகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு கோப்பு தயாரியுங்கள். அதில் ஓய்வூதிய ஆணையான பிபிஓ, ஆதார், பான் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பணி ஓய்வு ஆணை, கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படம், தனித்தனியாக எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஆகியவற்றை அசலாக ஓர் உறையிலும், நகல்களாக மற்றோர் உறையிலும் வையுங்கள். நகல் எடுக்க நூறு ரூபாய்கூட ஆகாது.

கோப்பு தயாரானதும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது. பிபிஓவில் முன்னெழுத்து முன்னாலும் ஆதாரில் அது விரிந்து பின்னாலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். குறிப்பாக உங்கள் கணவர் அல்லது மனைவியின் பெயர் பிபிஓவில் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பின்னாளில் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலையப் போகிறவர் அவர்தான். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும் என்பதால், எந்த ஆவணத்தைத் திருத்துவது என்று முடிவு செய்துவிட்டுத் திருத்தப் போங்கள்.

இரண்டாவது, ஆதாரோடு இணைந்திருக்கும் செல்பேசி எண். பலருக்கு அது பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் மகனுடைய எண்ணாக இருக்கிறது. இங்கே நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க, ஓடிபி அங்கே போகும். அவர் கூட்டத்தில் இருப்பார். ஆதார் சேவை மையத்தில் உங்கள் சொந்த எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கட்டணம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது, ஓட்டுநர் உரிமம். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 50 முதல் 55 வயதுக்குள் உரிமம் பெற்றவருக்கு அது 60 வயது வரைதான் செல்லும். 55-க்கு மேல் வாங்கியிருந்தால் ஐந்தாண்டுகள். காலாவதியாகி ஓராண்டுக்குள் புதுப்பித்தால் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் மறுபடியும் ஓட்டித் தேர்வு பெற வேண்டும். மத்திய அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாஹனில் விண்ணப்பித்து, மருத்துவரிடம் படிவம் 1ஏ சான்று வாங்கி இணைக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் வெளியே போகும் பழக்கம் ஸ்கூட்டரை நம்பித்தான் இருக்கிறது என்றால், இந்த வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஓய்வுப் பலன் வங்கியில் வரவான வாரத்திலேயே காப்பீட்டு முகவர்களும் தூரத்து உறவினர்களும் வீடு தேடி வருவார்கள். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 60 வயது நிறைந்தவருக்கு அதில் சேரக் காலக்கெடு எதுவும் இல்லை. 55-க்கும் 60-க்கும் இடையில் ஓய்வு பெற்றவர்கள் மட்டும் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேர வேண்டும். எனவே நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு, பிறருடைய அவசரத்துக்கு இணங்காமல் இருங்கள்.

2. தவறவிடக் கூடாத தேதிகளைச் சுவர் நாட்காட்டியில் குறியுங்கள்

செல்பேசி நினைவூட்டல் போதாது. வீட்டில் இருவருமே பார்க்கும் தினசரி நாட்காட்டியிலோ மாத நாட்காட்டியிலோ சிவப்பு மையால் எழுதுங்கள். முதலில் எழுத வேண்டியது, ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றை அளிக்க வேண்டிய மாதம். இது எல்லாருக்கும் நவம்பர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர். அவர்களில் 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே அளிக்கலாம். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு, நாம் மஸ்டரிங் என்று சொல்லும் நேர்காணல், அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் வருகிறது. வருங்கால வைப்பு நிதியின் இபிஎஸ் ஓய்வூதியம் வாங்குபவர்கள் எந்த மாதத்தில் வேண்டுமானாலும் அளிக்கலாம். அளித்த நாளிலிருந்து 12 மாதங்களுக்கு அது செல்லும். இரண்டு இடங்களிலிருந்து ஓய்வூதியம் வருமானால் இரண்டுக்கும் தனித்தனியே சான்று அளிக்க வேண்டும்.

வீட்டிலிருந்தபடியே, மத்திய அரசின் மின்னணு வாழ்நாள் சான்றுச் சேவையான ஜீவன் பிரமாண் வழியாக அளிப்பதற்குச் செலவு இல்லை. செல்பேசியில் ஜீவன் பிரமாண் செயலி, ஆதார் முக அங்கீகாரச் செயலி ஆகிய இரண்டும் வேண்டும். வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்து கருவியில் பதியாமல் போவது வழக்கம் என்பதால் முக அங்கீகாரமே எளிது. சன்னலைப் பார்த்தபடி, வெளிச்சம் முகத்தில் விழுமாறு உட்காருங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே வேண்டாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையில் வட்டம் பச்சையாகும் வரை முகத்தை அசைக்காமல், சொல்லும்போது கண்ணைச் சிமிட்டுங்கள். பின்னால் சாமி படமோ மற்றொருவர் முகமோ தெரிந்தால் குழப்பம் வரும். முடிந்ததும் குறுஞ்செய்தியில் வரும் பிரமாண் எண்ணைக் கோப்பில் எழுதி வையுங்கள். விவரம் நிரப்பும்போது ஓய்வூதியம் அனுமதித்த அலுவலகம், வழங்கும் அலுவலகம் என்ற இரண்டு கட்டங்கள் வரும். இவற்றை மாற்றித் தேர்ந்தெடுத்தால் சான்று நிராகரிக்கப்படலாம். அனுப்பிய சில நாட்களில் ஏற்கப்பட்டதா என்று அதே தளத்தில் பாருங்கள். இதெல்லாம் ஒத்துவராது என்றால் அஞ்சல்காரரையே வீட்டுக்கு வரவழைக்கலாம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி இதற்கு 70 ரூபாய் வாங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. கருவூலத்திலிருந்து பேசுகிறோம், வாழ்நாள் சான்றைத் தொலைபேசியிலேயே முடித்துத் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று அழைப்பு வரும். பிபிஓ எண், ஓய்வு பெற்ற தேதி எல்லாவற்றையும் அவர்களே சொல்வார்கள், அதனால் நம்பிவிடுவோம். எந்தக் கருவூலமும் இப்படி அழைக்காது. காணொளியில் போலீஸ் உடையில் தோன்றி டிஜிட்டல் கைது என்று மிரட்டுவதும் இதே கும்பல்களின் வேலைதான். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

நாட்காட்டியில் எழுத வேண்டிய மற்றவை: வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31, சேமிப்புத் திட்ட வட்டி வரும் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் நாள், சென்னைவாசிகளுக்குப் பேருந்து டோக்கன் வழங்கும் ஜூன், டிசம்பர் மாதக் கடைசி வாரங்கள். டோக்கனைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

3. வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையைக் கேட்டறியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். நீங்கள் அலுவலகம் போய்க்கொண்டிருந்த முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு நடைமுறை உருவாகியிருக்கிறது. காலை ஒன்பதரைக்குப் பிறகு வீடு அமைதியாகும். அதற்குப் பிறகுதான் இல்லத்தரசி இரண்டாவது காபியோடு உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரிப்பார். பதினோரு மணிக்கு அக்காவோடு தொலைபேசியில் பேசுவார். இரண்டு மணிக்கு ஒரு தொடர் பார்ப்பார். அந்த இடத்தில் திடீரென்று ஒருவர் நாள் முழுவதும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பருப்பு டப்பாவை ஏன் இங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் மாதத்திலேயே இருவரும் உட்கார்ந்து மூன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். எந்த நேரத்தில் வீட்டில் தனக்குத் தனிமை வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே இருக்கும்படி உங்கள் வேலைகளை அமைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைகளில் எவை இனி உங்கள் பொறுப்பு என்பதைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள்: காய்கறி வாங்குவது, ரேஷன், மின்கட்டணம், மருந்துக் கடை, வாரம் இரண்டு நாள் மதியச் சமையல் என்று எதுவாகவும் இருக்கலாம். எடுத்துக்கொண்ட வேலையை முழுமையாகச் செய்ய வேண்டும். கீரையை வாங்கி வந்து மேசையில் போட்டுவிட்டுப் போவது பாதி வேலை, ஆய்ந்து கொடுப்பதுதான் முழு வேலை. மூன்றாவதாக, இருவரும் சேர்ந்து செய்யும் ஒன்று வாரத்தில் ஒரு முறையாவது இருக்கட்டும்.

ஓய்வு பெற்ற பெண்களுக்கு நிலைமை நேர்மாறானது. அலுவலகம் இல்லை என்று ஆனதும் முழுநேரச் சமையலும், மாமியார் மாமனார் பராமரிப்பும், பேரக்குழந்தையும் அவர்மேல் வந்து விழுகின்றன. அவர்களுக்கு நான் சொல்வது, ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதமே வாரத்தில் இரண்டு பிற்பகல்களை ஏதேனும் ஒரு வகுப்புக்கோ பணிக்கோ உறுதி செய்து கட்டணம் கட்டிவிடுங்கள் என்பதே. கட்டணம் கட்டிய வகுப்பை நிறுத்தச் சொல்ல நம் குடும்பங்களில் யாருக்கும் மனம் வராது.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொள்ளும்போது எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்று பேசிக்கொள்ளுங்கள். சொந்தப் பிள்ளைகளிடம் இப்படிப் பேசுவது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பேசாமல் விட்டால், ஆறு மாதத்தில் மருத்துவரைப் பார்க்கப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்துவிடும்.

4. ஏழு நாளுக்கு ஒரு தாள்

ஒரு வெள்ளைத் தாளில் ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகள் போடுங்கள். ஒவ்வொரு நாளையும் காலை பத்து வரை, பத்து முதல் நான்கு வரை, நான்குக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தால் 21 கட்டங்கள் வரும். அவற்றில் பத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். நாலரைக்கு எழுவது, ஐந்துக்குப் பிராணாயாமம், ஆறு பத்துக்குக் கஞ்சி என்று எழுதிச் சுவரில் ஒட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விருந்தாளி ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கியதோடு அந்தத் தாள் கிழிந்துவிடும். வார அளவில் திட்டமிட்டால், திங்கட்கிழமை தவறியது வியாழக்கிழமை நடந்துவிடும்.

நிரப்பும் வரிசையும் முக்கியம். முதலில், நீங்கள் போகாவிட்டால் யாராவது ஒருவர் தொலைபேசியில் ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடிய இரண்டு அல்லது மூன்று கட்டங்கள். அடுத்து, உடம்புக்கான கட்டங்கள். பிறகு கற்பதற்கு ஒன்றிரண்டு. வங்கி, அலுவலகம், பழுதுபார்ப்பு போன்ற வெளிவேலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நாள். எனக்கு அது புதன்கிழமை, ஏனென்றால் திங்களும் வெள்ளியும் வங்கிகளில் கூட்டம் தாங்காது. ஒரு நாளை முழுவதும் காலியாக விட்டுவிடுங்கள்.

எதையும் மூன்று மாதத்துக்குச் செய்து பாருங்கள்; பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் குடியிருப்போர் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, சாதிச் சங்கம், பழைய மாணவர் மன்றம் என்று எல்லாரும் வந்து செயலாளர் பொறுப்பு தருவார்கள். மூன்று மாதம் கழித்துச் சொல்கிறேன் என்று பதில் சொல்லுங்கள். குறிப்பாகப் பொருளாளர் பொறுப்பும் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரமும் கௌரவமாகத் தோன்றும். பிற்பாடு தணிக்கைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

5. காலை: நடப்பதற்கு முன் ஒரு பரிசோதனை

நடைப்பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி, கண் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் இரண்டையும் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், 2021 ஆகஸ்டு முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொண்டு மாத்திரைகளைத் தொடர்ந்து பெறலாம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் கணக்கு சரி. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது உடலின் சமநிலையையும் தசை வலுவையும் பேணும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. நம்மவர்கள் நடையோடு நிறுத்திக்கொண்டு, இதைச் செய்வதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதும் போதும்.

தமிழக அரசின் நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே மருத்துவ முகாமும் நடக்கும். முதல் நாளே எட்டையும் நடந்து முடித்துவிட்டு ஒரு வாரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர்க்கவும். இரண்டில் தொடங்கி மாதம் ஒன்றாகக் கூட்டலாம். இருட்டோடு கிளம்ப வேண்டாம். தெருநாய், மூடாத பள்ளம், விளக்கில்லாத வண்டி மூன்றும் வெளிச்சம் வந்த பிறகு பாதியாகக் குறைந்துவிடும். செலவு என்று பார்த்தால் நல்ல காலணி ஒன்றுதான். அதில் சிக்கனம் வேண்டாம்.

6. பத்து முதல் நான்கு வரை: நூலகமும் பேருந்து டோக்கனும்

நாளின் கடினமான பகுதி இதுதான். சும்மா கிடக்கும் கையில் செல்பேசி ஏறும். இரண்டு மணி நேரத் தூக்கமும் சேர்ந்துகொண்டால் இரவில் உறக்கம் வராது. பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்த வேண்டுமானால் பிற்பகலில் போவதற்கு ஓர் இடம் வேண்டும். வெயில் காலத்துக்கு நூலகத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023 ஜூலையில் மதுரை நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை, குளிர்சாதன வசதி உண்டு, மின்தூக்கி உண்டு. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிப்பதற்கும் தனி இடம் இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகமும் இருக்கின்றன. சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டி, முகவரிச் சான்றும் படமும் கொடுத்தால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கிளை நூலகங்களுக்கு மதிய இடைவேளையும் வார விடுமுறையும் உண்டு என்பதால் முதல் முறை போகும்போது வாசலில் உள்ள பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதத்துக்குப் பத்துக் கட்டணமில்லாப் பயண டோக்கன்கள் என்ற கணக்கில் அரையாண்டுக்கு உரியவற்றை ஒன்றாகத் தருகிறது. குளிர்சாதனப் பேருந்துகளில் செல்லாது. முதல் முறை வாங்கும்போது குடும்ப அட்டை, வயதுக்குச் சான்றாக ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம் அல்லது கல்விச் சான்று, பாஸ்போர்ட் அளவு வண்ணப் படங்கள் இரண்டு ஆகியவற்றோடு நேரில் போக வேண்டும். ஜூன், டிசம்பர் மாதங்களின் 21-ஆம் தேதி வாக்கில் பணிமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் இதற்கான மையங்கள் திறக்கும். முதல் இரண்டு நாள் வரிசை நீளமாக இருக்கும்; ஒரு வாரம் கழித்து, காலைக் கூட்டம் கலைந்த பிறகு போனால் அலைச்சல் இல்லை. குடும்ப அட்டையில் முகவரி வெளிமாவட்டத்தில் இருந்தால் தர மாட்டார்கள். மகன் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் முதலில் குடும்ப அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

7. கற்பது: சிறியதில் தொடங்குங்கள்

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் சேருவதற்கு வயது உச்சவரம்பு தடையாக இருப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரிப் பருவத்துக்கும் ஜூலைப் பருவத்துக்கும், சேர்க்கை நடக்கிறது. இரண்டாண்டு முதுகலையில் எடுத்தவுடன் சேராமல், ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு ஒன்றில் சேர்ந்து, ஒப்படைப்புகளை எழுதி அனுப்பும் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்ணப்பிப்பதற்கு உங்கள் பட்டச் சான்றிதழின் அசல் வேண்டும்; நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்தக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இப்போதே தேடுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் பசை நாடா ஒட்டாமல் அப்படியே ஒளிவருடி எடுங்கள். தொலைநிலைப் படிப்புகளுக்கு 2024 முதல் ஏபிசி எண்ணும் (மாணவரின் மதிப்பெண் வரவுகளைச் சேமிக்கும் கணக்கு எண்) டெப் எண்ணும் (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் எண்) கேட்கிறார்கள். இரண்டையும் ஆதார் வழியாகத்தான் பெற வேண்டும். செல்பேசி எண்ணை முன்பே மாற்றச் சொன்னதன் பலன் இங்கே தெரியும். கடைசித் தேதியை நீட்டிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

பட்டம் வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் பாடங்களைக் கேட்பது இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் வீட்டில் தனியே திரையைப் பார்த்துக் கற்பது வாரத் தாளின் முதல் வகைக் கட்டத்தில் சேராது. பாட்டு வகுப்போ, வயலினோ, திருமுறை வகுப்போ, ஆசிரியர் எதிரில் இருக்கும் ஒன்று கூடவே இருக்கட்டும்.

8. உங்களை எதிர்பார்க்கும் இடம்

நான் முதலில் சொன்ன இரண்டு மூன்று கட்டங்கள் இவைதான். எழுதப் படிக்கத் தெரியாத 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கற்பிக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டுதான் நடக்கிறது. அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேட்டால் மையம் எங்கே என்று சொல்வார். ஊதியம் கிடையாது. மாலையில் வேலை முடிந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காரும் ஓர் அம்மாள் தன் பெயரை எழுதிப் பழகுகையில், நீங்கள் ஒரு நாள் போகாமல் இருந்தால் மறுநாள் கட்டாயம் காரணம் கேட்பார். கோயில்களில் உழவாரப் பணிக் குழுக்கள், அரசு மருத்துவமனையில் படிவம் நிரப்ப உதவுவது, ஓய்வூதியர் சங்கத்தில் புதியவர்களுக்கு வாழ்நாள் சான்று எடுத்துத் தருவது ஆகியவையும் இப்படிப்பட்டவை. எதுவானாலும் கிழமையும் நேரமும் குறித்து ஒப்புக்கொள்ளுங்கள். முடிந்தபோது வருகிறேன் என்று சொன்னவரை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஊதியத்துக்கு வேலை பார்ப்பதென்றால், மத்திய அரசின் ஏ பிரிவு அதிகாரிகள் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் வணிக நிறுவனத்தில் சேர முன் அனுமதி பெற வேண்டும். மற்றவர்களும் ஓய்வு ஆணையை ஒரு முறை படித்துவிடுங்கள். முன்பணம் கட்டினால் வீட்டிலிருந்தே வேலை என்று வரும் விளம்பரம் எதுவானாலும் மோசடிதான்.

9. பயணம்

ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிச் செலவைக் கணக்கிட வேண்டாம். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. அந்த ஒதுக்கீட்டில் ஒரு சீட்டில் இருவருக்கு மேல் பதிவு செய்ய முடியாது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். பள்ளி விடுமுறையையும் வார இறுதியையும் தவிர்த்து, செவ்வாய், புதனில் கிளம்புவது நமக்கு மட்டுமே வாய்த்த வசதி.

இந்து சமய அறநிலையத் துறை 60 முதல் 70 வயதுக்கு உட்பட்டவர்களை அறுபடை வீடுகளுக்குக் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறது. அதற்கு ஆதார், மருத்துவத் தகுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று ஆகியவை வேண்டும். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. முழு ஓய்வூதியம் வாங்கும் அரசு ஊழியர்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வர மாட்டார்கள். அதைப் பார்க்காமல் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைபவர்கள் இருக்கிறார்கள்.

10. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாளைத் திருத்துங்கள்

சேமிப்புத் திட்ட வட்டி வரும் நாளை இதற்கும் வைத்துக்கொண்டால் மறக்காது. எந்தக் கட்டங்கள் நான்கு வாரமாகத் தொடர்ந்து காலியாகவே போயின என்று பாருங்கள்; அவற்றை அடித்துவிடுங்கள். செலவையும் கூட்டுங்கள். நூலகம், நடை, தன்னார்வப் பணி மூன்றுக்கும் சேர்த்து ஒரு மாதத்துக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. வகுப்புக் கட்டணமும் பயணமும்தான் ஏறும் இறங்கும். மார்கழியில் சென்னையில் இருப்பவர்கள் அந்த மாதத் தாளையே தனியாகப் போட வேண்டியிருக்கும். பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

தாளைத் திருத்தும் போது, பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்ற நிலை உங்களுக்கோ துணைவருக்கோ இருந்தால், அது அட்டவணையால் தீராது. அரசின் மனநல ஆலோசனை எண்ணான 14416 எந்த நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். முதியோருக்கான பொது உதவிக்கும், குடும்பத்தில் கைவிடப்பட்டாலோ துன்புறுத்தப்பட்டாலோ அழைப்பதற்கும் 14567 இருக்கிறது. இரண்டு எண்களையும், மேலே சொன்ன 1930-ஐயும் அந்தத் தாளின் மேல்விளிம்பில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.